மூன்று ஆத்தூரும் ஒரு தாம்பாளமும்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போனது மூன்று ஊர், மூன்றுக்கும் பேர் ஆத்தூர். ஆத்தூர் போனேன், அடுத்து ஆத்தூர் போனேன், அங்கேயிருந்து கிளம்பி ஆத்தூர் போனேன் என்று எழுதினால் படிக்கிறவர்கள் அச்சுப் பிழை என்று நினைத்துக்கொள்வார்கள். அதோடு நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். கடைசியாக நீளமாக எழுதியது, அங்கே கொடுத்த மன்னிப்புக் கடிதம்தான். ஆனால் நெய்வேலி டவுன்ஷிப்பில், எங்கள் பிளாக்கில் ஆளுக்கொரு விதமாகக் கதை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாக் கதையிலும் நான் முட்டாள். முட்டாள்தான், ஆனால் அவர்கள் சொல்கிற அளவுக்கு இல்லை.

அக்காவுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. பத்திரிகை அச்சாகி வந்த அன்றைக்கே அக்கா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"ஆத்தூர் அத்தை வந்து தலை பின்னி வுட்டாத்தான் நான் மணவறைக்கு வருவேன். இல்லன்னா மாப்புள மட்டும் உக்காந்துகினு இருந்துட்டுப் போவட்டும்."

ஆத்தூர் அத்தை சொந்த அத்தை இல்லை. பக்கத்து குவார்ட்டர்ஸ். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அத்தைக்கு இரண்டும் பையன்கள், அதனால் பெண் பிள்ளைக்குப் பின்ன வேண்டிய சடையையெல்லாம் அக்கா தலையில்தான் பின்னித் தீர்த்தார். பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க அக்கா காலையில் எழுந்ததும் ரிப்பனை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். "ஒன் கல்யாணத்தன்னிக்கும் நான்தான் பின்னுவேன், எவளயும் தொட விடாத" என்று அத்தை சொல்லி வைத்திருந்தார். அக்கா அதை வேதவாக்காக வைத்திருந்தாள். நாங்கள் சிரித்தோம். அவள் அழுதாள். அப்புறம் நாங்கள் சிரிக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், மாமா ரிட்டையர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்து போகிற சமயத்தில் அம்மாவுக்கும் அத்தைக்கும் பெரிய சண்டை. எதற்கு என்று கேட்டால், "கறிவேப்பில மரத்த வெட்டிப் போட்டுட்டுப் போயிட்டா" என்பாள் அம்மா. அன்றைக்கே அத்தையின் நம்பரைத் தன் போனிலும் அப்பா போனிலும் அழித்துவிட்டாள். அக்கா ஒரு நம்பரை ஒளித்து வைத்திருந்தாள். அதில் கூப்பிட்டால் இப்போது ராஜமுந்திரிக்காரர் ஒருவர் எடுக்கிறார். நல்ல மனிதர். கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொன்னார்.

சரி, நேரில் போவோம் என்றால் எந்த ஆத்தூர்?

இது எங்கள் ஊருக்கே உரிய கோளாறு. எல்லா ஜில்லாவிலிருந்தும் வந்து குடியேறினவர்கள் என்பதால் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. தேனியார், செய்யாறு அண்ணன், கும்பகோணத்து மாமி. செல்வராஜ் மாமாவை ஷிப்ட்டில் ஆத்தூரார் என்றார்கள். அத்தை ஆத்தூர் அத்தை ஆனார். அவர்கள் வளர்த்தது ஆத்தூர் வீட்டு நாய். இத்தனை வருஷத்தில் எந்த ஆத்தூர் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, ஏனென்றால் அவரவருக்குத் தெரிந்த ஆத்தூரை அவரவர் வைத்துக்கொண்டார்கள்.

"சேலம் ஆத்தூர்தான்டா. லீவுக்குப் போயிட்டு வரும்போது ஜவ்வரிசி எடுத்துகினு வருவான்" என்றார் அப்பா.

"திண்டுக்கல் ஆத்தூருங்க. அந்தம்மா கட்டுறது பூரா சின்னாளப்பட்டி சேலை" என்றார் மார்க்கெட் டீக்கடைக்காரர்.

என் கூட்டாளி பாபு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. உலகத்தில் எதைக் கேட்டாலும் அவனிடம் ஒரு பதில் இருக்கும். "தூத்துக்குடி பக்கம் ஒரு ஆத்தூர் கீதுடா. அங்க வெத்தல பேமசு. உங்க மாமா வாய் எப்பனா செவக்காம இருந்து பாத்துக்கிறியா?"

அம்மா மட்டும் ஊரைப் பற்றிப் பேசவில்லை. முறையைப் பற்றித்தான் பேசினாள். "தபால்ல கிபால்ல அனுப்பாத. நேர்ல போயி, தாம்பாளத்துல வெத்தல பாக்கு பழம் வெச்சி, குங்குமம் குடுத்துக் கூப்புடணும். இல்லன்னா வர மாட்டா. கௌரவம் புடிச்சவ."

"அப்ப நீயே போயேம்மா."

"நான் எதுக்குப் போவணும்?"

அப்பா வீட்டுத் தலைவர் என்பதால் சேலம் ஆத்தூர் முதலில் என்று முடிவானது. பித்தளைத் தாம்பாளமும் கொஞ்சம் பத்திரிகையும் பையில் வைத்துக் கிளம்பினேன். பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பை கோயில் மணி மாதிரி அடித்தது. பக்கத்து சீட்டு ஆயா இரண்டு முறை கன்னத்தில் போட்டுக்கொண்டது.

நெய்வேலிக்காரனுக்கு மலை என்றால் மைன்ஸில் தோண்டிக் கொட்டின மண்மேடுதான். சின்னசேலம் தாண்டியதும் ஜன்னலில் நிஜ மலை வந்தது, பச்சையாக, வரிசையாக. இவ்வளவையும் யார் கொட்டினது என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது.

இறங்கியதும் தட்டுவடை செட் தின்றேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட்டையும் கேரட்டையும் துருவி வைத்து, சட்னியைத் தடவி, முழுசாக வாயில் போடச் சொல்கிறார்கள். போட்டால் பேச முடியாது. பேச முடியாதவனிடம்தான் கடைக்காரர் எந்த ஊர், என்ன விஷயம் என்று கேட்டார். விழுங்கிவிட்டு, "நெய்வேலில வேலை பாத்த செல்வராஜ் வீடுங்க" என்றேன்.

"செல்வராஜு இங்க தெருவுக்கு நாலு பேரு இருக்காங்க. நெய்வேலிக்காரருன்னா ஒருத்தருதான். நேரா போயி, அரச மரத்துக்குப் பீச்சாங்கைப் பக்கம் திரும்பி, பழைய ரைஸ் மில்லுக்குப் பின்னால கேளுங்க."

எனக்கு இப்படி வழி சொன்னால் விளங்காது. எங்கள் ஊரில் பிளாக், ரோடு, குவார்ட்டர்ஸ் நம்பர் சொன்னால் கண்ணைக் கட்டிக்கொண்டு போகலாம். ரோடெல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டது. இங்கே அரச மரம் இரண்டு, ரைஸ் மில் மூன்று. ஒரே ஆட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கடைசியில் அந்த ஆடு போன சந்தில் போனேன், வீடு இருந்தது.

வீட்டைப் பார்த்ததும் சந்தேகமே போய்விட்டது. அச்சு அசல் எங்கள் குவார்ட்டர்ஸ். அதே வாசல், அதே ஜன்னல், பின்பக்கம் அதே கதவு. ரிட்டையர் ஆனவர்கள் இப்படித்தான். ஆயுசு முழுக்க இருந்த குவார்ட்டர்ஸை இடித்து எடுத்துவர முடியாது என்பதால் அதே பிளானைக் கொத்தனாரிடம் சொல்லிக் கட்டிக்கொள்வார்கள். உள்ளே போனதும் கை தானாக பேன் சுவிட்சுக்குப் போனது. அது அங்கேதான் இருந்தது.

சின்ன வயசுப் பெண் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். "மாமாவும் அத்தையும் கோயிலுக்குப் போயிருக்காங்க, இப்ப வந்துருவாங்க. நான் மருமக."

"நெய்வேலில இருந்தவங்கதானே?"

"ஆமாங்க. எந்நேரமும் அந்தப் பேச்சுதான்."

அத்தையின் பெரிய பையனுக்குக் கல்யாணம் ஆனதாகக் காற்றுவாக்கில் கேள்விப்பட்டதோடு சரி, சண்டையால் எங்களுக்குப் பத்திரிகைகூட வரவில்லை. மருமகளை நான் பார்த்ததில்லை. இவர்தான் என்று, எழுந்து நின்று, தாம்பாளத்தில் எல்லாவற்றையும் அடுக்கி, குங்குமத்தை நீட்டி, "அக்கா கல்யாணம், எல்லாரும் முன்னாடியே வந்துரணும்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிப் பத்திரிகையைக் கையில் வைத்தேன். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

அப்புறம் மாமாவும் அத்தையும் வந்தார்கள். இரண்டு பேரையும் என் ஜென்மத்தில் பார்த்ததில்லை.

அவர் பேர் முருகேசன். தெர்மல் பவர் ஸ்டேஷனில் வேலை பார்த்தவர், ஊருக்கு இந்தக் கோடியில் நாங்கள் என்றால் அந்தக் கோடியில் இருந்தவர். நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் பத்திரிகையைக் கொடுத்துவிட்டார். மனிதர் அதைப் படித்தார், மடித்தார், திரும்பவும் படித்தார்.

"நம்ம ஊர்லேருந்து கல்யாணப் பத்திரிக வந்துருக்குடி" என்றார் மனைவியிடம். என்னைப் பார்த்து, "நான் வந்த பொறவு அங்கேருந்து ஒரு ஆள் இந்த வாசப்படி ஏறல தம்பி. நீ யாரு புள்ளையோ, எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா தேடிப் புடிச்சி வந்துருக்க பாரு."

இதற்கப்புறம் அந்தப் பத்திரிகையைத் திருப்பிக் கேட்கிறவன் மனுஷனே இல்லை. நான் மனுஷன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று என் நம்பரை வாங்கிக்கொண்டார். மதியம் வரைக்கும் உட்கார வைத்து, தண்ணி ஒழுங்காக வருகிறதா, ரவுண்டானாவில் அந்தத் தூங்குமூஞ்சி மரம் இருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் மீன் என்ன விலை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தெரியாததற்கெல்லாம் நான் அடித்துவிட்டேன். மரம் இருக்கிறதா என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. இருக்கிறது என்றேன். நிம்மதியாகச் சாப்பிட்டார்.

வீட்டுக்குப் போன் செய்து, "ஆத்தூர்ல விசாரிச்சிகினு இருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். நடந்ததைப் பாபுவுக்கு மட்டும் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த சூப்பர்வைசர் அவனைத் திட்டினது எனக்கே கேட்டது.

மறுநாள் திண்டுக்கல் பக்கம். பஸ்ஸில் பின் சீட்டில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பிளாக்கில் தெலுங்கு வீடுகள் உண்டு, திட்டினால் எனக்கு நன்றாகப் புரியும்.

"தாம்பாளம் எல்லாம் எடுத்துக்கொண்டு தனியாகப் போகிறான் பார். பெண் பார்க்கப் போகிறான் போல."

"கூட வர ஒருத்தர் கூட இல்லையா, பாவம்."

"மூஞ்சியைப் பார்த்தால் தெரியவில்லையா, ஏன் யாரும் வரவில்லை என்று."

திரும்பிப் பார்த்து முறைக்கலாம் என்று திரும்பினேன். அதே நேரம் டிரைவர் பிரேக் போட்டார். மடியில் இருந்த பை சாய்ந்து, குங்குமச் சிமிழ் திறந்து, பக்கத்தில் இருந்தவரின் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி இரண்டிலும் பாதி கொட்டியது. அவர் தட்டினார். தட்டத் தட்டப் பரவியது.

"தம்பி," என்றார் மெதுவாக, "நான் கேத வீட்டுக்குப் போய்க்கிட்டு இருக்கேன்."

"செத்தவங்க ரொம்ப நெருங்கின சொந்தமா?" என்றேன்.

"இதோட போனா இனிமே சொந்தமா இருக்காது" என்றார். பாவம், சின்னாளப்பட்டியில் இறங்கி ஒரு துண்டு வாங்கிப் போர்த்திக்கொண்டு வேறு பஸ்ஸில் போனார். அவர் சாபம்தானோ என்னவோ, நான் ஏறியிருந்த பஸ் ஆத்தூருக்குள் போகாது என்று அடுத்த ஸ்டாப்பில் கண்டக்டர் சொன்னார். ஊருக்குத் திரும்புகிற பிரிவில் இறக்கிவிட்டார்கள். வெயிலில் நடந்தேன். மலை இங்கேயும் இருந்தது. ஆத்தூர் என்று பேர் வைத்தாலே மலை இலவசம் போல.

இந்த முறை உஷாராக இருந்தேன். ஆளைப் பார்க்காமல் தாம்பாளத்தை வெளியே எடுப்பதில்லை என்று முடிவு செய்து, டீக்கடையில் போய், "இங்க நெய்வேலிக்காரர் யாராச்சும் இருக்காங்களா?" என்றேன்.

பெஞ்சில் இருந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் அஞ்சாவது ஆளைக் காட்டினார்கள். ஒல்லியாக, முறுக்கின மீசையோடு இருந்தவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவருதான்யா நெய்வேலியாரு" என்றார் கடைக்காரர். "நெய்வேலியில மண்ணு வெட்டுற பெரிய மெசினு இருக்குதாமே, வீடு கணக்கா சக்கரம் வச்சது. அத ஓட்டினது இவருதானாம். தெனமும் கேட்டுக் கேட்டு எங்க காது புளிச்சுப்போச்சு. நீங்க அந்த ஊருதானே, சொல்லுங்க, நெசமா?"

நெய்வேலியார் என்னைப் பார்த்தார். கண்ணால் கும்பிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நிமிஷம் விளையாட்டுக் காட்டலாம் என்று தோன்றியது. டீயை ஊதினேன், ஒரு வாய் குடித்தேன், மீசை மெல்லக் கீழே இறங்குவதைப் பார்த்தேன்.

"ஐயா, நீங்களா அது?" என்றேன். "நீங்க வந்ததுக்கு அப்பறம் அந்த மெசின் சரியாவே ஓடலன்னு எங்கப்பா சொல்லுவாருங்க."

கடைக்காரர் அவருக்கு இன்னொரு டீ போட்டார்.

வெளியே கூட்டி வந்து தோளில் கை போட்டார். "தம்பி, நான் அங்க கான்ட்ராக்ட்ல சும்மா கூலிக்குப் போனவன்யா. மழைக்கு முன்னாடி போயி மழைக்குள்ள திரும்பிட்டேன். மெசின தூரத்துல நின்னு பாத்ததுதான். ஆனா என்னா மெசினுய்யா அது." பிரியாணிக் கடைக்குக் கூட்டிப்போனார். சின்னச் சின்ன அரிசி, எலுமிச்சைப் புளிப்பு, மிளகுக் காரம். எங்கள் பக்கம் பிரியாணி என்றால் நீள அரிசியில் வருகிற சிவப்புக் கலவரம். இது வேறு ஜாதி. இரண்டு பேரும் இலையை வழித்துச் சாப்பிட்டோம். கை கழுவிவிட்டுத் திரும்பினால் பில்லை என் பக்கம் தள்ளி வைத்திருந்தார். மெசின் ஓட்டினவர் அல்லவா, கொடுத்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் யோசித்தார். "செல்வராஜுன்னு ரிட்டையர் ஆகி வந்தவன் இங்க யாரும் இல்ல. ஆமா, உங்க அத்த எப்பிடிப் பேசும்?"

"எல்லாரையும் போலத்தான். எங்க ஊர்ல எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுவாங்க."

"சமாதானமா இருக்கையில எல்லாப் பயலும் ஒரே மாதிரிதான்யா பேசுவான். கோவத்துல எப்பிடி?"

அந்தச் சண்டையை யோசித்துப் பார்த்தேன். சுவருக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அத்தை. அம்மா, "இன்னாடி சொல்ற நீ" என்று பண்ருட்டிக்காரியாக மாறினாள். அந்தப் பக்கமிருந்து வந்தது: "ஏட்டி, ஒனக்கு என்ன கொழுப்பு."

"ஏட்டின்னாங்க."

"அப்ப இங்கிட்டு இல்ல. அது தெக்க, தூத்துக்குடிப் பக்கத்து ஆத்தூரு. கெளம்பு" என்றவர், என் பையைப் பார்த்தார். "பத்திரிக மிச்சம் இருக்கா? நெய்வேலியிலருந்து எனக்குப் பத்திரிக வந்துச்சுன்னா கடையில காட்டிருவேன்ல."

கடைக்காரர் முன்னாலேயே தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தேன். மீசை பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

தூத்துக்குடியில் மக்ரூன் ஒரு டப்பா வாங்கினேன். வாயில் வைத்ததும் காணாமல் போகிற பண்டம் அது. அத்தைக்கென்று வாங்கினது, பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் டப்பாவில் பாதியும் காணாமல் போனது. வெளியே இரண்டு பக்கமும் உப்பைக் குவித்து வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் நிலக்கரியென்று கறுப்பாகக் குவித்திருப்பதை இங்கே வெள்ளையாகக் குவித்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் வெள்ளைச் சட்டை போட்டால் சாயங்காலம் கறுப்பாகும். இங்கே கறுப்புச் சட்டை போட்டால் என்ன ஆகும் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். "வேர்க்கும்" என்றார்.

அப்புறம் வாழைத் தோட்டம், ஆறு, வெற்றிலைக் கொடிக்கால். ஆத்தூரில் இறங்கி முதலில் பார்த்த வளையல் கடையில் கேட்டேன்.

"நெய்வேலி அக்கா வீடா? அந்தா, நீலக் கதவு. அக்காதான் வாசல்ல நிக்காவ."

நிஜமாகவே அத்தைதான். கொஞ்சம் பருத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏல, குமாரா? எங்கல இருந்து வார?" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். இத்தனை வருஷம் எங்கள் ஊரில் ஒளித்து வைத்திருந்த பேச்சு முழுக்கத் திரும்பி வந்திருந்தது. மாமா ஊஞ்சலில் இருந்தபடி வெற்றிலை வாயோடு கையை மட்டும் தூக்கினார். பாபு ஜெயித்துவிட்டான் என்பதுதான் எனக்கு வருத்தம்.

அக்கா கல்யாணம் என்றதும் அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. சடை விஷயத்தைச் சொன்னதும் முந்தானையால் துடைத்துக்கொண்டார். இதுதான் சமயம் என்று தாம்பாளத்தை எடுத்து அடுக்கி நீட்டினேன். அத்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஒங்க அம்ம எங்க?"

"வரல அத்தை. என்னைத்தான் அனுப்புனாங்க."

"அப்ப எடுத்து உள்ள வை. எனக்கு வேண்டாம்."

"கறிவேப்பிலை மரத்துக்கா அத்தை இன்னும் கோவம்?"

"கறிவேப்பிலையா? அது பூச்சி விழுந்து பட்டுப்போன மரம்ல. அதுக்கு எவளாவது சண்ட போடுவாளா?" பாயை விரித்து இலையைப் போட்டார். கோபத்திலும் அத்தை சோறு போடுவதை நிறுத்தமாட்டார். மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார். "மாமா ரிட்டையர் ஆன அன்னிக்கு, மாலையும் மேளமுமா கூட்டியாந்து விட்டாவல்லா, அன்னிக்கு நம்ம வீட்டுல பிளாக்குக்கே சாப்பாடு. எல்லா வீட்டுக்கும் நானே போயி கூப்பிட்டேன். அடுத்த வீடுதான, அவ என்ன வேத்தாளான்னு, அடுப்படியில நின்னுக்கிட்டே ஒன்னயக் கூப்பிட்டு, அம்மட்ட சொல்லிருலன்னேன். அவ சாப்பிட வரல. மறுநாளு, 'பையன்கிட்ட சொல்லி அனுப்பினா வர்றதுக்கு நான் என்ன கூலிக்கா வந்திருக்கேன்'னு சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டா. இப்ப அவ யாருகிட்ட சொல்லி அனுப்பிருக்கா?"

"ரெண்டு தடவையும் நான்தான் அத்தை. எனக்கு ராசி இல்லன்னு விட்டுருங்களேன்."

"நீ வாய மூடிட்டுத் தின்னு."

சாப்பிட்டு முடித்ததும் அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். இரண்டு பேரும் ஒருவர் பேசுவதை ஒருவர் கேட்டார்கள், ஆனால் என்னிடம்தான் பேசினார்கள்.

"அம்மா, அத்தை வூட்ல இருக்கேன். நீ நேர்ல வந்து கூப்புட்டாத்தான் வருவாங்களாம்."

"அவ பண்ணா ஞாயம், நான் பண்ணா தப்பான்னு கேளு."

"அன்னைக்கு நான் பண்ணது தப்புன்னா இன்னைக்கு அவ பண்ணதும் தப்புதானன்னு கேளு."

"கல்யாண வேலைய வுட்டுட்டு நான் வரணுமான்னு கேளு."

"அன்னைக்கு எனக்கும் வேலதான் இருந்துச்சுன்னு சொல்லு."

நான் எதையும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. இருவருக்கும் நடுவே சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அம்மா போனை வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கோபம் வந்தால் அம்மா முதலில் போனைத்தான் அணைப்பாள்.

கொஞ்ச நேரத்தில் அக்கா கூப்பிட்டாள். "அம்மா ஒண்ணும் சொல்லாம உக்காந்துகினு இருக்குதுடா. எனக்குக் கல்யாணமே வேணாம்போல இருக்குது" என்றாள். ஸ்பீக்கரை அணைக்க மறந்திருந்தேன். அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார்.

காலையில் திரும்பவும் அக்கா. குரலே வேறு மாதிரி இருந்தது. "அம்மாவும் அப்பாவும் மொத பஸ்லயே கெளம்பிட்டாங்கடா. அப்பா ஷிப்ட்ட மாத்திகினாரு. அத்தைகிட்ட சொல்லாத, நேர்ல வந்து நிக்கட்டும்."

நான் உடனே அத்தையிடம் சொன்னேன். எந்த ரகசியமும் என்னிடம் தங்காது. அத்தை மாமாவை அனுப்பி மீன் வாங்கச் சொன்னார், வீட்டை இரண்டு தடவை கூட்டினார், சேலையை மாற்றினார். அவர்கள் வந்து சேரச் சாயங்காலம் ஆகும் என்று நான் கணக்குப் போட்டு, மிச்ச மக்ரூனையும் முடித்துக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏறுவதற்குள் அம்மா போன். "ஆத்தூர் வந்துட்டோம்டா."

"அதுக்குள்ளயா? பறந்தா வந்தீங்க?"

"பஸ் ஸ்டாண்டுல நெய்வேலிக்காரர் வூடுன்னு கேட்டோம், தட்டுவடைக் கடைக்காரர் ஆள் வெச்சி கூட்டியாந்து வுட்டாரு. வூடு அசல் நம்ம குவார்ட்டர்ஸ் மாதிரியே கீது. சாமி படத்துக்கு முன்னாடி நம்ம பத்திரிக கூட கீது. ஆனா இங்க இருக்கறவங்க யாருடா?"

சேலத்தில் நடந்ததை வீட்டில் சொல்லவில்லை. அங்கேயிருந்து கிளம்பியதையும் சொல்லவில்லை. அப்பாவுக்கு எப்போதும் ஒரே ஆத்தூர்தான்.

"யாருல?" என்று அத்தை போனைப் பிடுங்கினார். "வசந்தா, எங்க இருக்க?"

"ஆத்தூர்ல, அண்ணி."

"நானும் ஆத்தூர்லதானட்டி இருக்கேன்."

இரண்டு பேரும் நேராகப் பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. ஒருவர் பேசி முடிக்கும் முன் இன்னொருவர் பேசினார். யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அப்புறம் அதே சுவரில் சாய்ந்து அழுதார். பின்னால் முருகேசன் குரல், "அங்கேயே நிக்காதீங்கம்மா, சாப்புட வாங்க" என்று கேட்டது.

"அங்கனயே சாப்பிட்டுட்டு ஊரப் பாக்கப் போ வசந்தா" என்றார் அத்தை. "நீ இங்க வர வேண்டாம்."

நான் பதறிப்போனேன். "அத்தை, நேர்ல வந்து கூப்புடணும்னு சொன்னீங்களே."

"வந்தாளா இல்லையால? என்னயக் கூப்பிட ஆத்தூருக்கு நேருல வந்தா, நான் வீட்டுல இல்ல. அதுக்கு அவ என்ன செய்வா?"

இப்படி ஒரு தீர்ப்பை எந்தக் கோர்ட்டிலும் கேட்க முடியாது. தாம்பாளத்தை என் கையிலிருந்து வாங்கி, குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். மாமா அதிலிருந்த வெற்றிலையை எடுத்துப் பார்த்துவிட்டு, வாடியிருக்கிறது என்று மூஞ்சியைச் சுளித்தார். அன்றைக்கே என்னோடு புறப்படுவதாக அத்தை சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் அக்கா தலைக்கு எண்ணெய் வைத்துப் பராமரிக்க வேண்டுமாம், நம்பி விட முடியாதாம்.

திரும்பும் பஸ்ஸில் அத்தைக்கும் மாமாவுக்கும் சீட் கிடைத்தது. நான் ஒரு கையில் வாழைத்தாரும் ஒரு கையில் தாம்பாளமுமாக நின்றுகொண்டு வந்தேன். அத்தை அம்மாவோடு போனில் பேச ஆரம்பித்தது, மதுரை தாண்டியும் முடியவில்லை. கம்பியில் சாய்ந்தபடி பாபுவுக்கு அனுப்பினேன்: "அத்தை வர்றாங்க. மாமா வர்றார். சேலம் ஆத்தூர்லேருந்து குடும்பத்தோட வர்றாங்க. திண்டுக்கல் ஆத்தூர்லேருந்து நெய்வேலியார் வர்றார். யாரையாவது வுட்டுட்டனாடா?"

பதில் உடனே வந்தது.

"எனுக்கு இன்னும் யாரும் நேர்ல வந்து பத்திரிக வெக்கில."